பதினைந்தில் நின்ற முள்

எஞ்சின் திருத்துகிற பாஸ் மௌத்தாகி மூன்று வருடமாகிறது. மௌத்தானவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்று ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதற்காகவே மூன்று வருடம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். போன வெள்ளிக்கிழமை அவருடைய மருமகன் என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டுச் சுவரில் புதிதாக மாட்டிய கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் காட்டினான். உள்ளே பச்சைத் துணியின்மேல் பாஸின் பழைய டோர்க் றெஞ்ச்.

"மாமாட ஞாபகம், காக்கா. பெரிய எஞ்சின் வந்தா மட்டும் வெளிய எடுப்பன்," என்றான். தரையில் ஒரு படகு எஞ்சின் மூடி திறந்து கிடந்தது. "திங்கக்கிழமை இத இறுக்கப் போறன். இதாலதான் இறுக்கிறது."

நான் கிட்டப் போய் முள்ளைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "நல்லம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

இந்தச் சாமானைத் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடிய இரும்புத் தண்டு. ஒரு முனையில் போல்ட்டைப் பிடிக்கும் தலை, மறுமுனையில் கைப்பிடி. தலையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று தண்டோடு ஒட்டாமல் நீண்டு வந்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் உள்ள எண் தகட்டின்மேல் முள்ளாக நிற்கும். போல்ட்டை இறுக்கும்போது தண்டு வளையும், கம்பி வளையாது. அதனால் முள் எந்த எண்ணில் நிற்கிறதோ, அதுதான் நீங்கள் கொடுக்கும் பலம்.

எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டை மூடும்போது இது இல்லாமல் முடியாது. ஹெட்டுக்குக் கீழே கெஸ்கட் என்றொரு தகடு இருக்கும். போல்ட்டுகள் குறைவாக இறுகினால் அதற்குள்ளால் தண்ணீர் கசிந்து எண்ணெயில் கலக்கும். கூடிப்போனால் போல்ட் அறும். ஆகவே நடுவில் தொடங்கி வெளியே போய், மூன்று சுற்றில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். முள்ளை நேர் மேலே இருந்து பார்க்க வேண்டும். கைப்பிடி ஓர் ஆணியில் ஆடும். பலம் அந்த ஆணியில் விழும்படி வெட்டி இழுக்காமல் இழுக்க வேண்டும். கழற்றுவதற்கு அதைத் தொடவே கூடாது. எல்லாவற்றுக்கும் முதல், சும்மா கிடக்கும்போது முள் பூச்சியத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கம்பியைக் கையால் வளைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவரலாம். அதற்கு எஞ்சினியர் தேவையில்லை, பெருவிரல் போதும்.

நான் கல்முனையில் எஞ்சின் சாமான் கடை வைத்திருக்கிறேன். கெஸ்கட் விற்பவன். பாஸின் பட்டறை என் கடையிலிருந்து கூப்பிடு தூரம். எங்கள் பக்கத்தில் வீடு வாசல் பெண் வழியில் போகும் என்பது தெரிந்ததே. பாஸுக்கும் வீடு, பட்டறை நின்ற வளவு, வெல்டிங் பிளான்ட் எல்லாம் மனைவி கொண்டுவந்தது. அவருடையது என்று சொல்ல இருந்தது அந்த றெஞ்ச் ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ, அதை வைத்துக்கொண்டு அவர் ஊருக்கே ராசா மாதிரி நடந்தார்.

அவருடைய பெனியனில் எண்ணெய்க் கறை கண்டவர் கிடையாது. மருதாணி போட்ட தாடி, மடிப்புக் கலையாத சாரம். சுத்தமான பெனியன் போட்ட மெக்கானிக்கை நான் நம்புவதில்லை. கறுத்த வேலையெல்லாம் கீழே வேலை செய்கிறவர்கள் செய்வார்கள். கடைசியாக ஹெட்டை இறுக்கும் நேரம் வந்தால்தான் பாஸ் கதிரையை விட்டு எழும்புவார். அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள், வெட்கக்கேடு.

முதலில் தொழுகைக்குப் போவதுபோல் கைகால் கழுவி ஒளுச் செய்வார். பிறகு பலகைப் பெட்டியைத் திறந்து, றெஞ்சை வெள்ளைத் துணியால் துடைப்பார். "காத்தாடிய நிப்பாட்டுங்க, முள்ளு ஆடும்," என்பார். இரும்புக் கம்பி காத்தாடிக் காற்றுக்கு ஆடுமா? ஆடாது. ஆனால் வைகாசி வெயிலில் பத்துப் பேர் வியர்த்துக்கொண்டு மூச்சை அடக்கி நிற்பார்கள். "பிஸ்மில்லாஹ்" என்று தொடங்கி, இழுக்க இழுக்க எண்ணைச் சத்தமாகச் சொல்வார். "நாப்பது... அறுவது... எம்பது!" ஒருமுறை லொறிக்காரர் ஒருவர் எண்பதுக்கு "ஆமீன்" சொன்னதை என் காதால் கேட்டேன். பாஸ் அதைத் திருத்தவில்லை. தலையை மெல்ல அசைத்து ஏற்றுக்கொண்டார்.

அந்த றெஞ்ச் எப்படி வந்தது என்று கேட்டால் ஒவ்வொரு வருடமும் ஒரு கதை. கல்லோயாவில் வேலை செய்த வெள்ளைக்காரத் துரை அவருடைய வாப்பாவுக்குக் கொடுத்தது என்பார். அடுத்த வருடம் திருகோணமலைக் கப்பல் கப்டன் கொடுத்தது என்பார். பழைய இரும்பு வாங்கும் ஒருவரிடம் தானே பேரம் பேசி எடுத்ததை மட்டும் சொல்லமாட்டார். அந்தப் பழைய இரும்புக்காரர் எனக்குச் சொந்தக்காரர்.

பிறகு கடல் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எங்கள் கரையில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. பட்டறை இருந்த இடத்தில் தரைச் சீமெந்து மட்டும் மிஞ்சியது. பாஸின் மூத்த மகளும் போனாள், மையித்துக் கிடைக்கவில்லை. நாலாம் நாள் மணலுக்கு வெளியே ஒரு கைப்பிடி தெரிந்திருக்கிறது. தோண்டினால் றெஞ்ச்.

அன்றிலிருந்து அது இரும்புச் சாமான் இல்லை, நேர்ச்சைச் சாமான் ஆகிவிட்டது. "கடல் எல்லாத்தையும் எடுத்திச்சி, இத மட்டும் திருப்பித் தந்திச்சி," என்பார். கேட்டவர்கள் கண் கலங்குவார்கள். பட்டறையைத் திரும்பக் கட்டியதும் பக்கத்து ஊர்களிலிருந்தும் எஞ்சின் வரத் தொடங்கியது. போன மகளைப் பற்றி அவர் யாரிடமும் கதைத்ததில்லை. வந்த இரும்பைப் பற்றித்தான் கதைத்தார்.

அந்த இரும்பு இறுக்கிய ஹெட்டுகள் நிற்கவில்லை என்பதுதான் விசயம். சில நிற்கும். பல, ஒரு மாதம், இரண்டு மாதத்தில் ஆவி கக்கிக்கொண்டு திரும்பி வரும். அடுத்த தெருவில் டோர்க் றெஞ்சைக் கண்ணாலும் காணாத ஒரு மனிதர் வெறும் கைப்பழக்கத்தில் இறுக்கிய ஹெட்டுகள் வருடக்கணக்கில் ஓடின. அவரிடம் கூட்டம் இல்லை. அவருக்குக் கதை சொல்லத் தெரியாது.

இறக்காமத்து வயல்காரர் ஒருவர் தன் ட்ரக்டரை ஒரே போகத்தில் மூன்று முறை கொண்டுவந்தார். மூன்றாம் முறை பாஸ் ரேடியேட்டரைத் திறந்து, விரலை விட்டுத் தண்ணீரை மணந்து பார்த்தார்.

"எந்தத் தண்ணி ஊத்துறீங்க?"

"எங்கட குளத்துத் தண்ணிதான் பாஸ்."

"அதான். யானை குளிக்கிற தண்ணி எஞ்சினுக்குச் சரிவராது."

அந்தப் பாவி மனிதர் அதன் பிறகு போத்தல் தண்ணீர் வாங்கி ட்ரக்டருக்கு ஊற்றினார் என்று கேள்விப்பட்டேன். ஊற்றியும் ஆவி வந்தது. எப்படிப் போனாலும் பாஸிடம் ஒரு குற்றவாளி தயாராக இருப்பான். தண்ணீர், டிரைவர், வெயில். ஒன்றும் கிடைக்காவிட்டால் கெஸ்கட். அதாவது நான்.

கட்டாரிலிருந்து வந்த ஒருவர் அவருக்குப் புது மாதிரி டோர்க் றெஞ்ச் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அதில் வேண்டிய எண்ணைத் திருகி வைத்தால், அந்த அளவுக்கு இறுகியதும் 'டிக்' என்று சத்தம் கேட்கும். பாஸ் ஒரு நாள் அதைப் பிடித்துப் பார்த்தார். எண்பதுக்குத் திருகி, ஏற்கனவே அவர் எண்பது சொல்லி இறுக்கிய போல்ட்டில் வைத்து இழுத்தார். டிக் வரவில்லை, போல்ட்தான் இன்னும் கொஞ்சம் திரும்பியது. மூளையுள்ள எவனும் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசித்திருப்பான். பாஸ் அதைக் கீழே வைத்தார்.

"சத்தம் போடுற சாமான நம்பப்படாது," என்றார். "பொய்காரன்தான் சத்தம் போடுவான்."

வேலை முடிந்ததும் அந்த மாதிரி றெஞ்சின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். அவர் முறுக்கியபடியே ஒரு மூலையில் போட்டார். ஸ்பிரிங் செத்துப்போனது. "பாத்தீங்களா, புதுச் சாமான்ட லெச்சணம்," என்று அதையும் தன் பக்கத்துச் சாட்சியாக்கிக்கொண்டார்.

இனி என் பங்கு. ஒரு நாள் பாஸ் ஏதோ சின்னச் சாமான் வாங்கக் கடைக்கு வந்தவர், கையிலிருந்த றெஞ்சை என் மேசைக் கண்ணாடிமேல் வைத்தார். வைத்துவிட்டுக் கையையும் எடுத்துவிட்டார். நான் பார்த்தேன். முள் பதினைந்தில் நின்றது.

"பாஸ், முள்ளு ஏன் பதினஞ்சில நிக்குது?"

"கடல் வெச்ச இடம் தம்பி. அங்கதான் நிக்கும்."

"பெருவிரலால ஒள்ளம் வளைச்சாச் சரியாப் போகுமே."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் பள்ளிவாசல் மினாராவை வளைக்கச் சொன்னேனோ என்று எனக்கே பயம் வந்தது. "அல்லாஹ் காப்பாத்தித் தந்த சாமான்ல நான் கை வைக்கவா? கணக்குப் பாத்துத்தான் இறுக்கிறன். நீங்க பயப்புடாதீங்க."

கணக்குப் பார்த்தால், எண்பது வேண்டிய இடத்தில் முள் தொண்ணூற்றைந்துக்குப் போக வேண்டும். அடுத்த கிழமையே போய்ப் பார்த்தேன். முள் எண்பதுக்கு வந்ததும் "எம்பது!" என்று கத்தி நிறுத்தினார். உண்மையில் போல்ட்டில் இருந்தது அறுபத்தைந்து. எங்கள் கரையின் பாதி எஞ்சின்கள் அறுபத்தைந்தில் ஓடிக்கொண்டிருந்தன.

நான் அதைச் சொல்லவில்லை. ஏன் என்று பல தடவை எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கடல் தந்த சாமானைக் குறை சொன்னால் பொறாமைக்காரன் என்பார்கள். மகளைப் பறிகொடுத்த மனிதர், விட்டுவிடுவோம். இரண்டும் உண்மைதான். மூன்றாவது உண்மை, ஒரு ஹெட் திரும்பி வந்தால் எனக்கு இன்னொரு கெஸ்கட் போகும். யாராவது வந்து "பாஸ்கிட்டத்தான் குடுக்கிறம்" என்றால் "நல்லம்" என்பேன். அது என் கடைச் சொல். வாயிலிருந்து தானாக விழும்.

ஆறு வருடம் அப்படியே போனது. அதன் பிறகுதான் சம்மாட்டியார் வந்தார். ஒலுவில் துறைமுகத்தில் சொந்தப் படகு வைத்திருந்தவர், கல்முனைத் தமிழ் ஆள், நாலு வார்த்தைக்கு மேல் கதைக்காதவர். படகு எஞ்சினுக்குக் கெஸ்கட் வாங்கிக்கொண்டு போனார். மூன்று கிழமை கழித்துப் படகு கடலுக்குள் நின்றுபோனது. உள்ளே அவருடைய ஒரே மகனும் இன்னும் இரண்டு பேரும். முந்தின நாளே கரைக்கு வந்திருக்க வேண்டியவர்கள். எஞ்சின் கொதிக்கிறது, எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது என்று றேடியோவில் சொன்னதுதான் கடைசி. தேடப் போன படகுகள் வெறுங்கையோடு வந்தன.

பாஸ் சந்தியில் நின்று எல்லோருக்கும் சொன்னார். "இறுக்கினது நான். அதுல பிழை வராது. கெஸ்கட் டூப்ளிகேட்."

காலை பத்து மணிக்கு என் கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள். சம்மாட்டியார் மட்டும் உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது. சத்தம் போடவில்லை.

"முதலாளி, நீங்க தந்தது நல்ல சாமானா?"

என் பெயர் அந்த ஒரு கேள்வியில் தொங்கியது. முப்பது வருடக் கடை. நான் பெட்டியைக் காட்டவில்லை, பில்லைக் காட்டவில்லை. "வாங்க அண்ணன்," என்று அவரைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்ற கூட்டமும் பின்னால் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், போகும் வழியில் எனக்குச் சந்தோசமாக இருந்தது. கடைசியில் இந்த ஆளைப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோசம்.

"பாஸ், டோர்க்க இந்த மேசையில வைங்க."

"என்னத்துக்கு?"

"வைங்க. வெச்சிட்டுக் கைய எடுங்க. காத்தாடியையும் நிப்பாட்டச் சொல்லுங்க, முள்ளு ஆடும்."

யாரோ சிரித்தார்கள். பாஸ் வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் றெஞ்சை வைத்தார். அந்த நேரத்திலும் துணி வேண்டியிருந்தது அவருக்கு.

"அண்ணன், முள்ளு எங்க நிக்குது?" என்றேன்.

சம்மாட்டியார் குனிந்தார். நேர் மேலிருந்து பார்த்தார், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. "பதினஞ்சி."

"இப்ப இது என்னத்த இறுக்குது?"

"ஒண்டையும் இறுக்கல்ல." மீன் நிறுத்துப் பிழைக்கிற மனிதருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "தட்டுல மீன் வைக்காமலே நிறை காட்டுற தராசு இது," என்றார்.

"அது கடல் வெச்ச இடம்," என்றார் பாஸ். குரல் மெலிந்திருந்தது.

"என்ட மகன் இப்பக் கடலுக்குள்ளதான் கிடக்கான், பாஸ்."

சொல்லிவிட்டு அவர் பெருவிரலைக் கம்பியில் வைத்து அழுத்தினார். விட்டார். முள் பூச்சியத்தில் நின்றது. அவ்வளவுதான், ஒரு தும்மல் நேரம்கூட இல்லை. கூட்டம் "அல்லாஹ்" என்றது. பாஸ் கதிரையில் உட்கார்ந்து, தன் வெள்ளைப் பெனியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். சம்மாட்டியார் என் பக்கம் திரும்பினார்.

"இத நீங்க எப்பக் கண்டீங்க முதலாளி?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. ஏனோ சொல்ல வரவில்லை. "ஆறு வருசம் இரிக்கும்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "கெஸ்கட் வாங்கக்க ஒங்கள்ட்டச் சொன்னன், பாஸ்கிட்டத்தான் இறுக்கக் குடுக்கிறன் எண்டு. நீங்க 'நல்லம்' எண்டு சொன்னீங்க."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டார். அங்கே நின்றவர்களில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாஸ் மட்டும் பார்த்தார்.

மறுநாள் பின்னேரம் வேறொரு படகு அவர்களைக் கட்டியிழுத்துக்கொண்டு வந்தது. மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். மகனை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். உதடு வெடித்து, பேச்சு வரவில்லை. நான் கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். சம்மாட்டியார் அதன்பிறகு என் கடைக்கு வந்ததில்லை. அக்கரைப்பற்றில் வாங்குகிறார். என் கெஸ்கட் நல்லது என்று இப்போது ஊருக்கே தெரியும்; அவருக்கும் தெரியும்.

பாஸ் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அன்று எல்லோரும் போனபிறகு, அவர் அந்த முள்ளைத் திரும்பவும் பதினைந்துக்கு வளைத்து வைத்தார். அவருடைய மனைவி, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர், என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார். "புள்ள போன அண்டைக்கு எப்பிடி நிண்டிச்சோ, அப்பிடியே நிக்கட்டும் எண்டாரு கா."

இதைக் கேட்டு நான் இளக வேண்டும். இளகினேன், ஒரு நாள். பிறகு ஆத்திரம்தான் வந்தது. மகளின் ஞாபகம் என்றால் வீட்டுக்குள் வைத்து அழுதிருக்கலாமே, யார் வேண்டாம் என்றது? அதை ஏன் ஊரார் எஞ்சினில் இறுக்கினார்? அந்தச் சம்பவத்துக்குப் பிறகும் அவர் இரண்டு மூன்று பேருக்கு இறுக்கிக் கொடுத்தார். அவர்களும் அதையேதான் கேட்டு வந்தார்கள். காத்தாடி நின்றது, எண்கள் கேட்டன. என் கடைவரைக்கும் கேட்டது. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இன்றைக்கு ஞாயிறு. வெள்ளிக்கிழமை நான் கண்ணாடிக்குள் பார்த்தபோது முள் பதினைந்தில்தான் நின்றது. தரையில் கிடந்த எஞ்சின் யாருடையது என்று மருமகனிடம் கேட்கவில்லை. கேட்காமலே "நல்லம்" என்று சொல்லிவிட்டேன், பழக்கதோசம். பாஸைக் கேவலமாக நினைக்க எனக்கு நூறு காரணம் இருக்கிறது. ஆனால் அவர் தன் முள்ளைப் பார்க்க மறுத்த மனிதர். நான் பார்த்தவன்.

நாளைக் காலை கடை திறக்க முதல் பட்டறைக்குப் போகிறேன். அந்தப் பெட்டிக்கு நாலு திருகாணிதான் போட்டிருக்கிறான்; முள்ளுக்குப் பெருவிரல் போதும். மாமாட சாமான்ல கை வைக்கிறீங்களா என்று மருமகன் சத்தம் போடுவான். போடட்டும். ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பைக்குள் எடுத்து வைத்துவிட்டேன்.